பட்டறை வாயிலில் நிற்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய மாணவ மாணவியரே,

பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியான நாள் தொட்டு உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு மகாநாடு நடந்துகொண்டிருக்கும் என்பதை நான் ஊகித்தறிவேன். சித்தப்பா ஒன்று சொல்வார். கணக்கு வாத்தியார் வேறொன்று சொல்வார். எதிர்வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் படித்துப் பெங்களூருக்குப் போன கதையை அத்தை நாலாவது முறையாகச் சொல்லி முடிப்பதற்குள், ‘நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து தொழில் பழகுகிறேனே’ என்று நீங்கள் மெல்லிய குரலில் சொன்ன வார்த்தை ஒருவர் காதிலும் விழாமலே போயிருக்கும். அப்படி விழாமற்போன வார்த்தைக்கு உரியவர்களுக்கே இம்மடலை எழுதுகிறேன். ஏனையோர் படித்தாலும் குற்றமில்லை; சித்தப்பாக்கள் படித்தால் விசேஷம்.

ஐ.டி.ஐ. எனப்படும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்னர், எழுபதுகளின் நடுவில், ஒரு பெரிய தொழிற்சாலையின் வாயிலில் புதுக் காக்கிச் சட்டையும் பழைய ரப்பர்ச் செருப்புமாக நின்றவன். செருப்புக் காலோடு உள்ளே போகலாகாது, தோற்காலணி வேண்டும் என்னும் முதற்பாடத்தை எனக்குப் போதித்தவர் அங்கிருந்த எஞ்சினீயர் அல்லர், வாயிற்காவலர்தான். அந்நாளில் எனக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லாத சில விஷயங்களை, தாமதமாகவேனும், வேறு யாருக்காவது சொல்லிவிட வேண்டும் என்னும் ஆசையே இம்மடலுக்குக் காரணம்.

சட்டம் உங்களுக்குச் சூட்டும் பெயர் ‘தொழிற்பழகுநர்’ என்பது. அப்பெயரைப் பட்டறைக்குள் எவரும் வழங்கக் கேட்டதில்லை. ‘அப்ரண்டிஸ்’ என்பார்கள், ரயில்வேயில் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ என்பார்கள், கோபம் வந்துவிட்டால் ‘டேய் புதுசு’ என்பார்கள். எப்பெயரிட்டு அழைத்தாலும் அதன் தாத்பரியத்தைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்: நீங்கள் பள்ளி மாணவருமல்லர், தொழிலாளியுமல்லர். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், கையில் மாதந்தோறும் ஒரு தொகை வரும், எண்ணெய்க் கறை படிந்த சட்டை எல்லோருக்கும் போல உங்களுக்கும் இருக்கும். ஆயினும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒரு பயிற்சியாளர், அவ்வளவே. இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் ஒரு கஷ்டமும் இருக்கிறது, ஒரு பெரிய அனுகூலமும் இருக்கிறது. கஷ்டத்தை முதல் வாரத்திலேயே எல்லோரும் கண்டுகொள்கிறார்கள். அனுகூலத்தைக் கடைசி மாதத்தில்கூடப் பலர் காண்பதில்லை.

முற்காலத்தில் கொல்லன் மகன் உலையருகே துருத்தி ஊதிக் கொல்லனானான். தச்சன் மகன், இழைப்புளி உதிர்த்த சுருள்களை அள்ளி விளையாடிய பருவத்திலேயே மரத்தின் ரேகை ஓடும் திசையை அறிந்துகொண்டான். அங்கே எழுத்து மூலமான உடன்படிக்கை எதற்கு? இரத்த சம்பந்தமே உடன்படிக்கை. பெற்ற மகனுக்குத் தொழில் நுட்பத்தை ஒளித்து வைக்கத் தந்தைக்கு மனம் வராது. ஆனால் அதே காரணத்தினால், அந்தக் குலத்தில் பிறவாத பிள்ளைக்கு அந்த உலைக்கூடத்தில் நுழையும் வழியும் கிடையாது. பழைய சம்பிரதாயத்தின் மேன்மையைப் பற்றி உருக்கமாகப் பேசுவோர் இந்தப் பின்பாதியை மட்டும் விட்டுவிடுவது வழக்கம். பின்னர், கும்பினியார் ஆட்சியில், 1850இல், அப்ரண்டிஸ்களுக்கென்று ஒரு சட்டம் பிறந்தது. அநாதைகளையும் தர்மத்தில் வளரும் ஏழைப் பிள்ளைகளையும் கருதி எழுந்த அச்சட்டம், பத்து வயதைக் கடந்த பிள்ளையை ஏழாண்டு வரையில் ஓர் எஜமானிடம் கட்டி வைக்க இடம் தந்தது. சுதந்திர பாரதம் 1961இல் இயற்றி, 1962 மார்ச் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்த தொழிற்பழகுநர் சட்டமோ கயிற்றின் மறு நுனியைத் தொழிற்சாலையின் கையிலும் கட்டியது. பழகுநர்களைச் சேர்த்துக்கொள்வது முதலாளியின் தயவு என்னும் நிலை மாறி, கடமையாயிற்று. 2019ஆம் ஆண்டு திருத்திய விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த ஸ்தாபனமும், ஒப்பந்த ஊழியரையும் சேர்த்துக் கணக்கிட்ட தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநரை எடுத்தே ஆகவேண்டும். நான்கு முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள சிறு பட்டறைகள் விரும்பினால் எடுக்கலாம்.

ஆகவே, இரத்த சம்பந்தம் இருந்த இடத்தில் இன்று ஒரு காகிதம் இருக்கிறது. ‘பயிற்சி ஒப்பந்தம்’ என்னும் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களை, என் அனுபவத்தில், விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுள் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். பதினெட்டு வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். அவர்களும் எங்கே என்று கேட்டு, காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது? முதலாளி உங்களுக்கு இன்ன தொழிலை, இன்ன காலத்துக்குள், அரசு வகுத்த பாடத்திட்டத்தின்படி கற்பிக்கக் கடமைப்பட்டவர் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் சிரத்தையோடு கற்கவும், ஒழுங்காக வரவும், நியாயமான கட்டளைக்குக் கீழ்ப்படியவும் கடமைப்பட்டவர் என்று எழுதியிருக்கிறது. எந்த ஒரு தரப்பும் நினைத்த மாத்திரத்தில் இதை முறித்துக்கொள்ள முடியாது. பழகுநர் ஆலோசகர் எனப்படும் அதிகாரியிடம் மனுச் செய்து, அவர் காரணத்தை ஏற்றாலன்றி விடுதலை கிடையாது. தவறு முதலாளியுடையதானால் அவர் உங்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும். தவறு உங்களுடையதானால் பயிற்சிச் செலவை நீங்களோ உங்கள் பாதுகாவலரோ திருப்பித் தரவேண்டி வரும். மூன்றாம் மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடிவிட நினைக்கும் வீரர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பது நலம்.

ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பலருடைய மனவருத்தத்துக்கு மூலம் அதுவே. பயிற்சி முடிந்ததும் உங்களுக்கு வேலை தந்தே தீரவேண்டும் என்னும் நிர்ப்பந்தம் முதலாளிக்கு இல்லை. சட்டத்தின் 22ஆம் பிரிவு, பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தமக்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறது. 2018 மார்ச்சில், ரயில்வேயில் பயிற்சி முடித்த இளைஞர்கள் மும்பையில் மாதுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் அமர்ந்து, காலை வேளையில் அந்நகரத்தின் புறநகர் ரயில்களை மணிக்கணக்கில் நிறுத்திய சம்பவம் செய்தித்தாள்களில் வந்தது. அவர்களுடைய மனத்தாங்கலின் வேர் இந்தப் பிரிவில்தான் இருந்தது. ரயில்வேக் கூடங்களில் பயிற்சி பெற்றவர்களுக்குக் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவிகிதம் ஒதுக்கீடு உண்டு; எனினும் அதற்கும் எழுத்துத் தேர்வு எழுதித்தான் வரவேண்டும். வேலையைக் கருதி மட்டும் பயிற்சிக்குப் போகிறவனுக்கு அந்த ஆண்டு முழுவதும் காத்திருப்பாகவே கழியும். தொழிலைக் கருதிப் போகிறவனோ, கொடுக்கக் கடமைப்பட்டவரிடம் தனக்குரியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவான். வேலை தரும் கடமை அவருக்கில்லை. கற்பிக்கும் கடமை உண்டு. நான் மேலே சொன்ன அனுகூலம் இதுவே.

இனி, பணத்தைப் பற்றி. பெரியவர்கள் இதைக் கடைசியில் கேட்பார்கள்; பிள்ளைகள் கேட்கவே வெட்கப்படுவார்கள்; ஆகையால் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு விதிகள் விதித்த குறைந்தபட்ச உதவித்தொகை, ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர்க்கு மாதம் 5,000 ரூபாய், பத்தாம் வகுப்பு தேறியவர்க்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ. சான்றிதழோ உடையவர்க்கு 7,000, டிப்ளோமாக்காரருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. பயிற்சி இரண்டாம் ஆண்டுக்கு நீண்டால் இத்தொகை பத்து சதவிகிதம் ஏறும். இவை குறைந்தபட்ச அளவுகள். மேலே கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை, கொடுக்கும் ஸ்தாபனங்களும் உண்டு. தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் என்று 2016இல் தொடங்கிய திட்டத்தின்படி, இத்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசே ஏற்கிறது. இப்போது அப்பங்கு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. உங்களை ஓர் உருப்படிக்கு இத்தனை காசு என்னும் கணக்கில் வேலை வாங்கக் கூடாது என்றும், ஆலோசகரின் அனுமதியின்றி ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது என்றும் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. உருப்படிக் கணக்கில் வேலை செய்கிறவனுக்கு வேகம் வரும், ஆனால் ஒரு தவறைச் செய்து பார்த்துத் திருத்தும் அவகாசம் வராது என்பதை அந்த விதியை எழுதியவர் யாரோ நன்றாக அறிந்திருக்கிறார்.

சேரும் வழி இரண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு நேரே தொழிற்சாலைக்குப் போய், அடிப்படைப் பயிற்சியையும் பட்டறைப் பயிற்சியையும் அங்கேயே பெறுவது ஒன்று. முதலில் ஐ.டி.ஐ.யில் படித்து, தேசியச் சான்றிதழ் பெற்று, அடிப்படைப் பயிற்சியிலிருந்து விலக்குப் பெற்றவராக, பெரும்பாலும் ஓராண்டுப் பட்டறைப் பயிற்சிக்கு மட்டும் போவது மற்றொன்று. நான் இரண்டாவதன் பக்கமே பேசுவேன். நான் அங்கே வாத்தியாராக இருந்தவன், ஆகையால் என் பேச்சில் ஒருதலைப் பட்சம் இருக்கலாம் என்பதைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். ஐ.டி.ஐ.யில் நீங்கள் ஓர் இரும்புத் துண்டை அறுத்துக் கெடுத்தால் வாத்தியார் திட்டுவார், மற்றொரு துண்டு கிடைக்கும். தொழிற்சாலையில் கெடுத்தால் ஒரு யந்திரம் நிற்கும், ஆர்டர் நிற்கும், போர்மன் முகம் கறுக்கும், அப்புறம் உங்கள் கையில் வேலையைத் தர அவர் யோசிப்பார். கெடுத்துக் கற்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

நம் மாநிலத்தில் இந்த நிலையங்கள் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் கீழ் வருகின்றன. பத்தாம் வகுப்பு முடிவு வந்த பின்னர் அத்துறையின் இணையத்தளத்தில் விண்ணப்பம் திறக்கும். வீட்டில் வசதியில்லாதவர்கள் அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.க்கே போனால் அங்குள்ளவர்களே பதிவு செய்து தருவார்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் ஆகியவை இரண்டாண்டுப் படிப்புகள், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வெல்டர், பிளம்பர், தச்சு ஆகியவை ஓராண்டு, எட்டாம் வகுப்பே போதும். அரசு நிலையத்தில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, காலணி எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்பதும், ஐ.டி.ஐ. படிப்பும் அவற்றில் அடங்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

பழகுநராக விண்ணப்பிப்பதற்கு மத்திய அரசு ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’ என்று ஓர் இணையத்தளம் வைத்திருக்கிறது. அதில் உங்கள் பெயரைப் பதிந்து, படிப்பு, தொழிற்பிரிவு, ஊர் முதலியவற்றைக் குறைவின்றி நிரப்பி, சான்றிதழ்களையும் புகைப்படத்தையும் ஏற்றி வைத்தால், உங்கள் தொழிலுக்கு எந்த ஊரில் எந்த ஸ்தாபனம் ஆள் கேட்கிறது என்று தேடிப் பார்த்து விண்ணப்பிக்கலாம். ஸ்தாபனம் தேர்ந்தெடுத்தால் ஒப்பந்தம் அத்தளத்திலேயே உருவாகும். நீங்கள் படித்து ஒப்புக்கொண்ட பின் அதற்கு ஓர் எண் விழும். அந்த எண் விழாதவரை நீங்கள் சட்டப்படியான பழகுநர் ஆகவில்லை. டிப்ளோமாவும் பட்டமும் முடித்த அண்ணன் அக்காமார்களுக்கு வழி வேறு. அவர்களுக்குத் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் பொறுப்பு.

இந்த இடத்தில் அற்பமாகத் தோன்றும் ஒரு காரியத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன், ஏனெனில் நான் கண்ட தடங்கல்களில் பெரும்பான்மை இங்கேதான் விளைந்தவை. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து பெயருக்குப் பின்னே இருக்கும். ஆதாரில் முன்னே இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயரே முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆதாரோடு இணைத்த செல்பேசி எண்ணோ, அண்ணன் துபாய்க்கு எடுத்துக்கொண்டு போன எண்ணாக இருக்கும். கம்ப்யூட்டர் இவற்றை மூன்று வெவ்வேறு மனிதர்களாகவே பாவிக்கும். பெயரையும் பிறந்த தேதியையும் மூன்றிலும் ஒன்றாக்குவது, நடப்பிலுள்ள எண்ணை ஆதாரில் இணைப்பது, வங்கிக் கணக்கோடு ஆதாரைச் சேர்ப்பது ஆகிய இக்காரியங்களை விண்ணப்பம் திறந்த பிறகு தொடங்காமல், விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். ஒரு பிள்ளை, நல்ல கை, ஓர் எழுத்துப் பிழையால் நான்கு மாதம் உதவித்தொகையின்றிப் பழகியதை நான் அறிவேன். அவன் டீ குடிப்பதையே விட்டிருந்தான்.

பெரிய ஸ்தாபனங்கள் தனியே அறிவிப்பு வெளியிடுவதும் உண்டு. 1955 அக்டோபர் 2ஆம் நாள் பண்டித நேரு திறந்து வைத்ததும், சுவிட்ஸர்லாந்துக்காரரின் தொழில் நுட்பத்தோடு தொடங்கி இன்று வந்தே பாரத் வண்டிகளைக் கட்டுவதுமான பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில் பழகுநரை எடுக்கிறது. பத்தாம் வகுப்பில் ஐம்பது சதவிகித மதிப்பெண்ணும், பதினைந்து முதல் இருபத்துநான்குக்குள் வயதும் வேண்டும். பரீட்சை கிடையாது, மதிப்பெண் வரிசையே வரிசை. திருச்சிக்கருகே பொன்மலையிலும், கோயம்புத்தூர்ப் போத்தனூரிலும், பெரம்பூரிலும் உள்ள தென்னக ரயில்வேப் பணிமனைகள், திருவெறும்பூரின் பெல் நிறுவனம், ஆவடியின் டாங்கித் தொழிற்சாலை ஆகியவையும் அவ்வாறே. இவற்றின் வாயிலில் கூட்டம் மிகுதி. கிடைத்தால் மிக நன்று. கிடைக்காதவர்கள் உலகம் கவிழ்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பெரிய ஆலையில் ஒருவன் ஓராண்டு முழுவதும் ஒரே வகைப் பெட்டியின் ஒரே மூலையைப் பற்றவைத்துக்கொண்டிருக்கக் கூடும். கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ பம்புசெட்டுப் பாகங்கள் கடையும் ஒரு நடுத்தரப் பட்டறையில் அதே காலத்தில் லேத், டிரில்லிங், மில்லிங், அரம் ஆகிய அனைத்தும் அவன் கைக்கு வந்திருக்கும். பெயர்ப்பலகையின் அகலத்தைக் கொண்டு பட்டறையை மதிப்பிடுவது நம்மவர் பழக்கம். உள்ளே யார் கற்பிக்கிறார் என்று ஒரு பழைய பழகுநரைத் தேடிப் பிடித்துக் கேட்பதே அறிவுடைமை.

உள்ளே போனபின் என்ன நடக்கும்? ஃபிட்டராயின் உங்கள் கையில் ஓர் அரத்தைக் கொடுத்து, வைஸில் ஓர் இரும்புத் துண்டை இறுக்கி, ‘சமமாக ராவு’ என்பார்கள். ஓர் இரும்புத் துண்டின் முகத்தைச் சமமாக ராவுவது எவ்வளவு கடினம் என்பதை அரம் பிடியாதவர் அறியார். கை தன்னையறியாமல் ஊஞ்சல் போல ஆடும். ஓரங்கள் தேய்ந்து நடு உயரும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடுக்கு வழியே வெளிச்சம் கசிந்து உங்கள் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். முதல் பத்து நாள் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். இதை யந்திரம் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுமே, நாம் எதற்காக ராவ வேண்டும் என்று ஒவ்வோராண்டும் ஒரு பையன் கேட்பான், நியாயமான கேள்விதான். ‘அரம் பிடித்த கைக்குத்தான் அரைக்கால் மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று தெரியும், தெரிந்த பிறகு யந்திரத்தண்டை போ’ என்று பதில் சொல்வேன். வெல்டருக்கு வேறு சோதனை. கண்ணாடியை இறக்கும் முன் ஒருமுறை அந்த ஒளியைப் பார்த்துவிட்டால், பகலில் ஒன்றும் தோன்றாது. நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல எரிச்சல் எழுந்து உறக்கத்தைக் கெடுக்கும். ‘ஆர்க் அடித்துவிட்டது’ என்பார்கள். கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாலும் அடிக்கும். லேத்தில் நிற்பவர் கையுறை அணியலாகாது, சட்டைக் கையைத் தொங்கவிடலாகாது, சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடலாகாது. இவை மூன்றுக்கும் காரணம் நான் எழுத வேண்டியதில்லை. எந்தப் பழைய பட்டறையிலும் விரல் குறைந்த ஒருவர் இருப்பார், அவரைக் கேளுங்கள். பயிற்சியின்போது காயம் நேர்ந்தால் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. விரலுக்கு அது ஈடாகாது.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. நான் பழகிய தொழிற்சாலையில், அதன் பெயர் இங்கே வேண்டாம், சேர்ந்த மூன்றாம் மாதம் என்னைச் சரக்குக் கிடங்கில் போட்டார்கள். காலை முதல் மாலை வரை வார்ப்புத் துண்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஒரு கொட்டகையிலிருந்து மறு கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது என் பணி. பழகுநர் ஒவ்வொருவரும் அன்றன்று செய்த வேலையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவேண்டும் என்பது விதி. எங்கள் மேற்பார்வையாளர் சனிக்கிழமைதோறும் பாடத்திட்டத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் ‘டிரில் செய்தேன், மரை வெட்டினேன்’ என்று பக்தியோடு எழுதிக்கொண்டார்கள். நான் அவரை எதிர்த்துப் பேசும் தைரியமுடையவனல்லன். ஆனால் சனிக்கிழமைகளில் கிடங்கில் சரக்கு வரவு மிகுதியாகையால், அந்த வாசிப்புக்கு என்னைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். ஆகவே நான் பாட்டுக்கு நடந்ததை எழுதினேன்: ‘வண்டி தள்ளினேன்.’ மறுநாள், ‘வண்டி தள்ளினேன்.’ மழை பெய்த ஒரு நாள் மட்டும் ‘நனைந்துகொண்டு வண்டி தள்ளினேன்.’ இப்படி நாற்பது நாள். ஒரு திங்கட்கிழமை பழகுநர் ஆலோசகர் அலுவலகத்திலிருந்து ஒரு மனிதர் பார்வையிட வந்தார். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, அதிகம் பேசாதவர். நோட்டுப் புத்தகங்களை அடுக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டியவர், என்னுடையதில் வந்து நின்றுவிட்டார். பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு மேற்பார்வையாளரைப் பார்த்து, ‘இந்தப் பையனுக்கு வண்டி தள்ளுவதில் எப்போது பரீட்சை வைக்கப் போகிறீர்கள்?’ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். புதன்கிழமை நான் லேத்தின் முன்னே நின்றேன்.

நான் துணிச்சலால் உண்மையை எழுதியவனல்லன் என்பதைக் கவனியுங்கள். சொல்லி எழுதவைக்க ஆளில்லாமற் போனதால் எழுதினேன். நீங்கள் தெரிந்தே எழுதலாம். கூட்டிப் பெருக்குவதும், இரும்புத் தூளை அள்ளுவதும், மூத்தவர் கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. அதில் கௌரவக் குறைச்சல் பாராட்ட வேண்டாம். சாமான் எடுத்துக் கொடுத்தே எத்தனையோ பேர் எந்த வேலைக்கு எந்தச் சாமான் என்று கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு வாரம் முழுவதும் அதுவே ஆகிவிட்டால், பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ‘ஐயா, இந்தப் பாடத்தை எப்போது ஆரம்பிக்கலாம்?’ என்று பணிவாகக் கேளுங்கள். ‘வேலை கொடுங்கள்’ என்று கேட்கிறவனைக் கடிந்துகொள்ளும் மேஸ்திரியை நான் அதிகம் கண்டதில்லை. கேட்டும் நடவாவிடில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் இருக்கிறது. ஒப்பந்தம் பற்றிய வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் ஆலோசகருக்கு உண்டு. பயிற்சி முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, தேசியப் பழகுநர் சான்றிதழ் பெறும் நாளில் உங்கள் கைதான் பேச வேண்டும். மேற்பார்வையாளர் சொல்லி எழுதிய வரிகள் அங்கே வந்து சாட்சி சொல்லா.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. என் கடைசி ஆண்டுகளில் ஃபிட்டர் வகுப்புக்கு வந்த பெண்கள், அளவு பார்ப்பதில் பையன்களை வெட்கப்பட வைத்தார்கள். வெர்னியரின் கோட்டைப் படிப்பதற்குத் தேவை பொறுமை, புஜபலமன்று. சேருமுன் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு: பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இருக்கின்றனவா, ஷிப்டு எத்தனை மணிக்கு முடிகிறது, அந்த வேளையில் பஸ் உண்டா. இவற்றைக் கேட்பதனால் உங்களை எடுக்காமல் விடுகிற இடம், எடுத்தபின் எப்படி நடத்தும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். பழகுநர் பயிற்சியில் சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்பவன் யாராயினும், அவன் மாமாவின் நண்பனேயாயினும், ஒரு காசும் தராதீர்கள். சில ஸ்தாபனங்கள் தம் அறிவிப்பில் குறிப்பிடும் சிறு விண்ணப்பக் கட்டணத்தைத் தவிர வேறு செலவு எதுவும் இதில் இல்லை. மற்றொன்று, ‘ட்ரெய்னி’ என்று பெயர் சூட்டி, பதிவு எண்ணோ பாடத்திட்டமோ இல்லாமல் ஓராண்டு வேலை வாங்கி, பிறகு கைகழுவி அனுப்பும் இடங்கள் உண்டு. அது வேறு, இது வேறு. அங்கே முடிவில் தேர்வு இல்லை, சான்றிதழும் இல்லை. ஒப்பந்தப் பதிவு எண் என்ன என்று முதல் நாளே கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் உங்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

சேரும் நாளன்று அசல் சான்றிதழ்களைக் காட்டுவதற்கு மட்டும் கொண்டுபோங்கள். பிரதிகளைக் கொடுத்துவிட்டு அசலை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வையுங்கள். தோற்காலணி, முழங்கைக்கு மேலே மடித்த சட்டை, கையில் மோதிரமோ கயிறோ இல்லாமை, மத்தியானச் சாப்பாடு. இவற்றோடு, இருநூறு பக்கம் கோடு போட்ட நோட்டு ஒன்றும் பால்பாயிண்டுப் பேனா ஒன்றும். என் நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய் ஊறிப் பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, அந்த நாற்பது நாள் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மை அழியாத பேனாவாகப் பார்த்து வாங்குங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விழையும்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநன் ஒருவன்